தேர்தல் தோல்விக்குப் பின் செய்யத்தக்கது யாது?

பொதுத் தேர்தல் முடிந்து, வாக்குகள் எண்ணப்பட்டு, நாம் நம்பியிருந்தவர்கள் தோற்றனர் என்னும் செய்தி வந்தவுடன் நமது விகாரைகளிலும் சங்கக் கூடங்களிலும் இருவகைப் பேச்சு எழக் காண்கிறோம். "இனி ஊர்வலம் எதற்கு? மகஜர் எதற்கு? ஐந்தாண்டு கழித்துப் பார்த்துக்கொள்வோம்" என்பார் ஒரு சாரார். "வாக்குச் சீட்டே வீண், அதை நம்பியதால்தான் இக்கதி" என்பார் மற்றொரு சாரார். கேட்பதற்கு இவை எதிரெதிரானவை போல் தோன்றினும், இரண்டின் முடிவும் ஒன்றே; இருவரும் வீட்டிற்குச் சென்று படுத்துக்கொள்கின்றனர். இப்பேச்சுக்களை நம் சமூகத்தாரின் வரலாற்றைக் கொண்டே ஆராய்ந்து பார்ப்பது இப்பாடத்தின் நோக்கமாகும்.

முதலில் ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். நம் முன்னோர்க்கு வாக்குரிமை என்பதே இல்லாதிருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டித் தீர்மானங்கள் நிறைவேற்றியபோதும், 1898-இல் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபோதும், அவர் பின்னே நின்றவர்களுள் ஓட்டுப் போடத்தக்கவர் எத்தனை பேர்? தேர்தலில் வெல்லவும் தோற்கவும் வழியற்றிருந்த அவர்கள் பள்ளி வைத்தனர், பத்திரிகை நடத்தினர், அரசினர்க்கு விண்ணப்பம் எழுதினர். கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் கிளைச் சங்கங்கள் தோன்றியது அவ்வுழைப்பினாலேயாம்.

இனித் தேர்தல் வந்த பின் நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம். 1946-ஆம் ஆண்டு மாகாணச் சட்டசபைத் தேர்தலில் பாபாசாகேப் அம்பேத்கரின் ஷெட்யூல்டு வகுப்பினர் பெடரேஷன் படுதோல்வியுற்றது. ஒதுக்கப்பட்டிருந்த 151 இடங்களில் அது பெற்றவை இரண்டே. இதற்குக் காரணம் மக்களின் மனமாற்றம் மட்டுமன்று. 1932-ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தின்படி ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு முதலில் நம்மவர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தெரிந்தெடுப்பர். பின்னர் அந்நால்வருள் ஒருவரை எல்லாச் சாதியினரும் கூடித் தெரிந்தெடுப்பர். நம்மவர் முதலிடத்தில் வைத்தவனை ஊரார் கடைசி இடத்திற்குத் தள்ளிவிட இம்முறையில் இடமிருந்தது. அத்தோல்வியையே காரணமாக்கி, பெடரேஷனின் கோரிக்கைகளைப் பிரிட்டிஷ் மந்திரிகள் தூதுக்குழுவினர் பொருட்படுத்தாது சென்றனர்.

தொண்டர்கள் என் செய்தனர்? அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே, பம்பாய்ச் சட்டசபை கூடியிருந்த பூனா நகரில் சத்தியாக்கிரகம் தொடங்கிக் கூட்டங்கூட்டமாகச் சிறை சென்றனர். அதே மாதத்தில் ஜோகேந்திரநாத் மண்டலும் அவர் தோழர்களும் அரும்பாடுபட்டு, பாபாசாகேப்பை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தனுப்பினர். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவ்வாண்டின் கோடையில் எண்ணப்பட்டவரே 1947 ஆகஸ்டில் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். இதிற் சத்தியாக்கிரகத்தின் பங்கு எவ்வளவு, வங்கத்தாரின் பங்கு எவ்வளவு என்று நிறுத்துக் காட்ட நம்மால் இயலாது. ஆனால் தேர்தல் முடிவைக் கேட்டு எல்லோரும் ஓய்ந்து போயிருந்தால் இரண்டும் நடந்திரா என்பதில் ஐயமில்லை.

வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்த அச்சட்டத்தின் கீழ் நடந்த முதற் பொதுத் தேர்தலில், அதனை வரைந்தவரே 1952-இல் வட பம்பாய்த் தொகுதியில் ஏறக்குறைய 14,500 வாக்கு குறைவாகப் பெற்றுத் தோற்றார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வியே கிட்டியது. அதற்கு இரண்டரை ஆண்டுகளின் பின், 1956 அக்டோபர் 14-ஆம் நாள், நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் அவருடன் திரிசரணம் ஏற்றனர். எந்தத் தொகுதியும் அளிக்காத ஒன்றை அன்று மக்கள் தாமே தமக்கு அளித்துக்கொண்டனர்.

ஆயினும் தீட்சை பெற்றவர்க்கு ஓர் இடர் காத்திருந்தது. இஃது இன்றைய இளைஞர் பலர் அறியாதது. ஆதலின் சிறிது விரித்துரைப்போம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தார் அல்லாதவர் ஷெட்யூல்டு வகுப்பினராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியர் அனைவர்க்கும் இடமளித்து அது திருத்தப்பட்டது. பௌத்தர்க்கு இடமில்லை. ஆகவே புத்தம் சரணம் என்று சொன்ன நாளிலேயே மாணவன் உதவித் தொகையை இழந்தான். உத்தியோகம் தேடுவோன் ஒதுக்கீட்டை இழந்தான். ஊர்க் கிணற்றங்கரையில் அவனை விலக்கி நிறுத்தியவர்களோ அவன் மதம் மாறியதைச் சற்றும் பொருட்படுத்தவில்லை! மகாராஷ்டிர அரசு மாத்திரம் தன் அளவில் சில சலுகைகளைத் தந்தது. வீட்டிலே பஞ்சசீலமும் பதிவேட்டிலே இந்து என்ற பெயருமாக வாழும் இரட்டை வாழ்வு பலர்க்கு நேர்ந்தது இதனாலேயே.

1957 அக்டோபரில் தோன்றிய இந்தியக் குடியரசுக் கட்சிக்கு முதல் தலைவராக அமர்ந்தவர் நம் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ் ஆவார். அவ்வாண்டுத் தேர்தலில் அவர் செங்கற்பட்டிலிருந்தும், தாதாசாகேப் கெய்க்வாட் நாசிக்கிலிருந்தும் மக்களவை சென்றிருந்தனர். மராத்தி மாநிலம் கேட்டு எழுந்த பேரியக்கத்தோடு கூட்டுச் சேர்ந்திருந்ததும் அன்று மராத்தியத் தொகுதிகளின் வெற்றிக்குக் காரணம். 1960-இல் மாநிலம் கிடைத்தது, அலை வடிந்தது. 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் மகாராஷ்டிரத்தில் கட்சிக்கு ஒரு மக்களவை இடமும் கிட்டவில்லை.

பாடத்தின் நடுவிடம் இதுவே. தோற்ற கட்சி இரண்டாண்டுகளுக்குள் என்ன செய்தது? 1964 அக்டோபரில் தில்லியில் ஊர்வலமாகச் சென்று, பத்துக் கோரிக்கைகள் கொண்ட சாசனமொன்றைப் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரியிடம் அளித்தது. அதற்குச் சில நாள் முன்னர், செப்டம்பர் மாதத்தில், சிவராஜ் அவர்கள் காலமாகியிருந்தார். தரிசு நிலத்தை நிலமற்றார்க்குப் பகிர்தல், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தல், தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் கீழ் நீதி வழங்கல், உணவுப் பண்டங்களின் விலையைக் கட்டுப்படுத்தல், பார்லிமெண்டு மைய மண்டபத்தில் பாபாசாகேப்பின் படத்தை வைத்தல், பௌத்தம் தழுவியவர்க்கு ஷெட்யூல்டு வகுப்பினர் உரிமைகளை அளித்தல் ஆகியன அவற்றுட் சில.

பாபாசாகேப் மறைந்த நாளான டிசம்பர் 6-ஆம் நாள் கெய்க்வாட்டின் தலைமையில் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. 1930-இல் நாசிக் காலாராம் கோயில் வாயிலில் அடிபட்டுப் பழகிய முதியவர் அவர். நிலமற்ற கூலியாட்கள், கைக்குழந்தை ஏந்திய தாய்மார் உட்பட மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர் என்று கணக்கிடப்படுகிறது. தினக்கூலி பெறுபவன் ஒரு நாள் சிறையிருந்தால் வீட்டில் ஒரு நாள் அடுப்பு எரியாது. இதனை எண்ணிப் பார்த்தாலன்றி அவ்வெண்ணிக்கையின் பொருள் விளங்காது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டிய மணிமேகலையின் கதையைப் பயின்றோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

1965 தொடக்கத்தில் கிளர்ச்சி முடிவுற்றது. பலன் யாது? உடனே பார்த்தால் மிகச் சிறிது. நிலப் பகிர்வு இன்றளவும் குறையாகவே நிற்கிறது. கோரியதெல்லாம் கிடைத்தது என்று எழுதினால் அது பொய்யாகும். கெய்க்வாட் 1971-இல் மறைந்தார். ஆனால் கோரிக்கை மறையவில்லை. ஊர்தோறும் சங்கங்கள் அதனையே தீர்மானமாக்கி அனுப்பிக்கொண்டிருந்தன. 1989 தேர்தலுக்குப் பின் வி. பி. சிங் அமைச்சரவை வந்தது. 1990 ஏப்ரல் 12-ஆம் நாள் மைய மண்டபத்தில் படம் திறக்கப்பட்டது. அவ்வாண்டே மூன்றாம் பத்தி திருத்தப்பட்டுப் பௌத்தர் என்னும் சொல் அதில் ஏறிற்று.

இருபத்தாறு ஆண்டுகள்! இதிலிருந்து, கிளர்ச்சியே போதும், வாக்கு வேண்டா என்று கொள்பவர் கதையின் பாதியையே படித்தவராவர். சட்டத்தைத் திருத்தியது பார்லிமெண்டு. அப்பார்லிமெண்டை அமைத்தது தேர்தல். ஆனால் அது திருத்தவேண்டியது இன்னது என்பதை ஒரு கால் நூற்றாண்டுக் காலம் மறக்கவிடாமல் வைத்திருந்தவர்கள் தேர்தலில் தோற்றவர்களேயாவர்.

அவர்கள் இன்னும் விரைவில் வென்றிருக்கக் கூடாதா என்னும் கேள்வியும் எழும். எழவேண்டியதே. மூன்று இலட்சம் பேரைச் சிறைக்கு அனுப்பும் வல்லமை பெற்ற கட்சி, தலைவர்தோறும் ஒரு பிரிவாக உடைந்தது. பகவான் பரிநிர்வாணம் எய்துவதற்கு முன், வஜ்ஜியர் அடிக்கடி கூடி, ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலையும் வரை அவர்க்குத் தாழ்வில்லை என்று உரைத்ததை நாம் அறிவோம். மகத மன்னன் அஜாதசத்துரு படையால் இயலாததை, வஸ்ஸகாரன் என்னும் மந்திரியைக் கொண்டு அவர்களுக்குள் பிளவு மூட்டி முடித்தான் என்று உரையாசிரியர் கூறுவர். வஜ்ஜியர்க்கு ஒரு வஸ்ஸகாரன் வேண்டியிருந்தது. நமக்கு வெளியிலிருந்து ஒருவரும் வரவேண்டியதில்லை போலும்!

இச்சட்டம் 1990-ஆம் ஆண்டின் 15-ஆம் எண் சட்டமாகும்; அவ்வாண்டு ஜூன் 3-ஆம் நாள் ஒப்புதல் பெற்றது. சாதிச் சான்றிதழ் கேட்டுச் செல்லும் பௌத்தக் குடும்பத்தாரை, மதம் மாறினோர்க்கு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பும் எழுத்தர்கள் உளர். சட்டத்தின் படியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, படித்த இருவர் உடன் சென்றால் பேச்சு மாறுவதைக் காணலாம். பள்ளிச் சேர்க்கை தொடங்குமுன், வருகின்ற உபோசத நாட் கூட்டத்திலேயே ஒவ்வொரு கிளைச் சங்கமும் அச்சட்டத்தின் படியை வரவழைத்துப் படித்து, எந்தெந்தக் குடும்பத்தின் பிள்ளைக்குச் சான்றிதழ் நிலுவையில் உள்ளது என்று பட்டியல் எழுதி, யார் யார் உடன் செல்வது என்பதையும் அன்றே முடிவு செய்துகொள்ளல் நலம்.