ஒருமுனை பம்பு மோட்டாரை டிரைவில் ஓட்டலாமா?

மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் வீட்டுத் தோட்டத்திற்கும் மாட்டுத் தொழுவத்திற்கும் அரை முதல் ஒன்றரை குதிரைத்திறன் கொண்ட ஒருமுனை மோட்டார்களைப் பலர் வைத்திருக்கிறார்கள். கடலோரக் கிணற்றை வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலே ஏறிவரும். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருப்பது 1969ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. ஆகவே, மோட்டாரை மெதுவாக ஓட்ட வழியுண்டா என்று உழவர்கள் கேட்பது நியாயமே.

தொழிற்பேட்டை ஆலைகளில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் 'டிரைவ்' அல்லது 'வி.எப்.டி.' என்னும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அதையே நம் பம்புக்கும் பொருத்தினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. பழைய டிரைவ் ஒன்று மலிவாகக் கிடைத்தால் ஆசை இன்னும் கூடும். ஆனால் வாங்குமுன் சில விவரங்களை அறிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் டிரைவுக்குக் கொடுத்த பணமும் போகும், மோட்டாரும் கருகும்.

டிரைவ் செய்யும் வேலை

நமக்கு வரும் மின்சாரத்தின் அலைவெண் நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் வேகம் இந்த அலைவெண்ணைப் பொறுத்தது. டிரைவ் முதலில் மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றுகிறது. பிறகு அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி, நாம் விரும்பும் அலைவெண்ணில் மும்முனை மின்சாரமாகத் தருகிறது. 50 ஹெர்ட்ஸில் நிமிடத்திற்கு 2,850 சுற்று ஓடும் மோட்டார், 40 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2,280 சுற்று ஓடும். சாதாரண டிரைவ்கள் மும்முனை மோட்டாருக்கென்றே செய்யப்பட்டவை என்பதை மறக்கக்கூடாது.

ஒருமுனை மோட்டார் ஏன் கருகுகிறது?

ஒருமுனை மோட்டாரில் ரன்னிங் காயில், ஸ்டார்ட்டிங் காயில் என இரண்டு காயில்கள் உள்ளன. ஸ்டார்ட்டிங் காயிலுடன் கண்டென்சர் இணைந்திருக்கும். டிரைவில் ஓட்டும்போது மூன்று வகையில் கேடு விளைகிறது.

1. சில மோட்டார்களில், முழு வேகத்தின் முக்கால் பங்கை எட்டியதும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்கும். மெதுவாக ஓட்டினால் அது துண்டிக்காது. சில நொடிகளுக்கென்று கட்டிய காயில் தொடர்ந்து மின்சாரம் இழுத்துக் கருகிவிடும்.

2. கண்டென்சரின் அளவு 50 ஹெர்ட்ஸுக்கென்று கணக்கிடப்பட்டது. அலைவெண் பாதியானால் கண்டென்சரின் தடை இருமடங்காகும். மோட்டாரின் இழுவிசை குறைந்து சூடு ஏறும்.

3. டிரைவிலிருந்து வரும் வெட்டு மின்சாரம் கண்டென்சரில் திடீர்ப் பாய்ச்சலை உண்டாக்கும். கண்டென்சர் உப்பி வெடிக்கலாம்; டிரைவும் பழுதாகலாம்.

கண்டென்சர் எப்போதும் இணைப்பில் இருக்கும் மோட்டார்களுக்கென்று ஒருமுனை வெளியீடு தரும் தனி டிரைவ்கள் உண்டு. தயாரிப்பாளர் அந்த வகை மோட்டாருக்கு ஏற்றது என எழுத்தில் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே அவற்றை வாங்கலாம்.

வேகம் குறைந்தால் நீர் ஏறுமா?

பம்பின் நீரளவு வேகத்தின் விகிதத்தில் குறையும். நீரை உயர்த்தும் திறன் வேகத்தின் வர்க்கத்திலும், தேவைப்படும் சக்தி வேகத்தின் கனத்திலும் குறையும். 40 ஹெர்ட்ஸில் வேகம் 80 சதவீதம். உயர்த்தும் திறன் 64 சதவீதம். சக்தி 51 சதவீதம்.

எடுத்துக்காட்டாக, 50 ஹெர்ட்ஸில் அதிக அளவாக 30 மீட்டர் வரை உயர்த்தும் பம்பு ஒன்றைக் கொள்வோம். 45 ஹெர்ட்ஸில் அது 24.3 மீட்டரும், 40 ஹெர்ட்ஸில் 19.2 மீட்டருமே உயர்த்தும். உங்கள் கிணற்று நீர் 20 மீட்டர் ஏற வேண்டுமெனில், 40 ஹெர்ட்ஸில் ஒரு சொட்டும் வராது. நீர் பம்புக்குள்ளேயே சுழன்று சூடாகி, சீல் கெடும். எனவே கோடையில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்பதை அளந்த பிறகே வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

ஏற்ற வழி

வேகத்தை மாற்றியே ஆகவேண்டும் என்போர், ஒருமுனை மின்சாரத்தை வாங்கி மும்முனை மின்சாரம் தரும் டிரைவையும், மும்முனை மோட்டாரையும் சேர்த்துப் பொருத்தலாம். இத்தகைய டிரைவ் பொதுவாக 230 வோல்ட் அளவிலேயே மும்முனை மின்சாரம் தரும். 415 வோல்ட் தராது. மோட்டாரின் பெயர்த்தகட்டைப் பாருங்கள். ஸ்டார் இணைப்பில் 415 வோல்ட் எனக் குறித்து, ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால், டெல்டாவாக மாற்றி 240 வோல்ட் மோட்டாராக ஓட்டலாம். டெல்டாவிலேயே 415 வோல்ட் எனக் குறித்த மோட்டார் இதற்கு உதவாது.

மெதுவாக இறைப்பது மட்டுமே நோக்கமெனில், ஆழத்திற்கேற்ற சிறிய பம்பை மாற்றுவதே சிக்கனம். விட்டுவிட்டு இறைக்க டைமரும், நீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் கருவியும் பொருத்தினால் உப்புநீர் ஏறுவதும் குறையும், மோட்டாரும் பிழைக்கும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே சுவிட்சோ கண்டென்சரோ வைக்கக்கூடாது.

• ஆழ்துளைக் கிணற்றில் கேபிள் நீளமாக இருந்தால், டிரைவின் வெளியீட்டில் அதற்குரிய வடிகட்டி தேவை. இல்லையேல் மோட்டார் முனையில் மின்னழுத்தம் எகிறி காயில் கெடும்.

• நீர்மூழ்கி மோட்டாரைப் பொதுவாக 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டக்கூடாது; அதன் பேரிங்கிற்கு நீரே மசகு.

• டிரைவை நிழலிலும் காற்றோட்டத்திலும் வையுங்கள். உப்புக்காற்று படும் இடத்தில் மூடிய பெட்டி அவசியம்.

• மின்சாரத்தை நிறுத்திய பிறகும் டிரைவினுள் மின்னேற்றம் தங்கியிருக்கும். குறிப்பேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பின்பே மூடியைத் திறக்க வேண்டும். எர்த் இணைப்பு கட்டாயம்.

• வீட்டு இணைப்பை அனுமதி பெறாத வேறு பணிக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி நடவடிக்கைக்கு உரியது.

டிரைவ் வாங்குமுன் மோட்டாரின் பெயர்த்தகட்டு விவரம், கிணற்றின் ஆழம், கோடை நீர்மட்டம், கேபிளின் நீளம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளுடன் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ, திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகி ஆலோசனை கேளுங்கள். அதன் பிறகு செலவிடும் பணம் வீணாகாது.