நீலத் திரை வந்தால் முதலில் நோட்டுப் புத்தகத்தை எடுங்கள்



இந்த மாதப் பாடம் என் சொந்த வீட்டில் நடந்தது. இறுதியாண்டு புரோஜெக்ட் ஒப்படைக்க மூன்று வாரம் இருந்தபோது, கிள்ளானில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை படுத்துவிட்டது. வரைபட மென்பொருளைத் திறந்தால் திரை கறுப்பாகும், பிறகு நீலமாகும், பிறகு தானே ரீஸ்டார்ட் ஆகும். "நீ கண்டதையும் டவுன்லோட் பண்ணினதாலதான்" என்று தங்கச்சியைத் திட்டினேன். அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள். அவளுக்கு அந்த வருடம் எஸ்.பி.எம். பயிற்சித் தாள்கள் எல்லாம் அதே கம்ப்யூட்டரில்தான்.

கடையில் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "மதர்போர்ட் போச்சு, எண்ணூறு வெள்ளி ஆகும்" என்றார்கள். கூட்டுப் பணத்தை எடுக்கட்டுமா என்று அம்மா கேட்டார். "ரெண்டு நாள் பொறுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் நம் இயக்கத்து அண்ணன் ஒருவரைப் பார்க்க கொமுட்டர் ஏறினேன்.

அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா என்ன மாத்தினே, தம்பி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முந்தின வாரம், பழைய கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனத்தின் செகண்ட்ஹேண்ட் கார்டு ஒன்றை நானேதான் மாட்டினேன். பழைய டிரைவரை நீக்காமல் புதியதைப் போட்டேன். மதர்போர்ட் டிரைவரையோ, கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடவில்லை.

ஒரு டிரைவர் எப்படி முழுக் கம்ப்யூட்டரையும் சாய்க்கிறது?

டிரைவர் என்பது விண்டோஸுக்கும் ஒரு பாகத்துக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர். சாதாரண மென்பொருள் தப்பு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். ஆனால் கிராஃபிக்ஸ் டிரைவரின் முக்கியப் பகுதி, விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் ஓடுகிறது. அங்கே தப்பு நடந்தால், கோப்புகள் கெட்டுப்போகாமல் இருக்க விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதுதான் நீலத் திரை.

விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் அதன் டிரைவரை மட்டும் திரும்பத் தொடங்கப் பார்க்கும். திரை கறுத்துத் திரும்ப வருவது அதனால்தான். மீட்க முடியாவிட்டாலோ, ஒரு நிமிடத்திற்குள் ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தாலோ நீலத் திரை வரும்.

இது நம் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் விஸ்டா தொடர்பான ஒரு வழக்கில், 2008-இல் மைக்ரோசாப்டின் உள் ஆவணங்கள் வெளிவந்தன. 2007-இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 விழுக்காடு என்விடியா டிரைவர்களாலும், 17.9 விழுக்காடு மைக்ரோசாப்டாலும், 9.3 விழுக்காடு ஏடிஐ டிரைவர்களாலும் வந்ததாக அவற்றில் இருந்தது. ஆகவே பாகத்தைக் குறை சொல்லுமுன் டிரைவரைப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை, வரிசையாக

1. முதலில் முக்கியமான கோப்புகளைத் தம்ப் டிரைவில் எடுத்து வையுங்கள். எப்போது நின்றது, அப்போது என்ன திறந்திருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு இவெண்ட் வியூவரைத் திறங்கள். 41 என்ற எண், கம்ப்யூட்டர் ஒழுங்காக அணைக்கப்படாமல் நின்றது என்று மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது. 4101 இருந்தால், திரை டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டது என்று அர்த்தம்.

2. சேஃப் மோடில் ஓட்டிப் பாருங்கள். அங்கே விண்டோஸ் தன் அடிப்படைத் திரை டிரைவரை மட்டுமே பயன்படுத்தும். அங்கே நிற்காமல் ஓடினால், டிரைவர் மேல் சந்தேகம் வலுக்கும். அங்கேயும் படுத்தால் சூடு, ரேம், பவர் சப்ளை ஆகியவற்றைச் சோதியுங்கள். ஒரு எச்சரிக்கை: சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம். கணக்கின் பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள்.

3. இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே ஏதாவது டிரைவரைப் போட்டுவிடும். சேஃப் மோடில், டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளால் பழைய, புதிய கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டையும் துடைத்தெடுங்கள். பிறகு புதிய கார்டின் டிரைவரை மட்டும் போடுங்கள். ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

4. இன்னும் தொல்லை இருந்தால், மதர்போர்டின் மாடல் எண்ணைப் பார்த்து, அதைத் தயாரித்தவரின் பக்கத்திலிருந்தே சிப்செட் டிரைவரை எடுத்துப் போடுங்கள். மின்சக்தி நிர்வாகம் உட்பட, போர்டின் உள் பாகங்களை விண்டோஸ் சரியாக நடத்த இது உதவும். இதற்கும் ஒரு நாள் கொடுங்கள்.

5. பயோஸ் அப்டேட் கடைசி வழி. பாதியில் கரண்ட் போனால் நல்ல மதர்போர்டும் உண்மையிலேயே போய்விடும். நம் ஊர் சாயங்கால இடி மின்னலில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

எங்கள் வீட்டில் என்ன ஆனது?

மூன்றாம் படி முடிந்ததும் வரைபட மென்பொருள் நிற்காமல் ஓடியது. ஆனால் ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் திரை கறுப்பாகவே இருந்தது. மறுநாள் சிப்செட் டிரைவரைப் போட்டேன், அதுவும் தீர்ந்தது. ஒவ்வொன்றாக மாற்றியதால்தான், எது எதைத் தீர்த்தது என்று இன்று என்னால் சொல்ல முடிகிறது. எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றியிருந்தால் சரியாகியிருக்கலாம். ஆனால் நான் ஒன்றும் கற்றிருக்க மாட்டேன். அடுத்த முறை மறுபடி எண்ணூறு வெள்ளியில்தான் நின்றிருப்பேன்.

எல்லா நீலத் திரையும் டிரைவரால் வருவதில்லை. மதர்போர்ட் உண்மையிலேயே கெட்டுப்போவதும் உண்டு. ஆனால் இந்தச் சோதனைகளுக்கு ஒரு காசும் செலவில்லை. செய்து பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்; நோட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

கம்ப்யூட்டர் சரியான அன்று அம்மாவிடம் கூட்டுப் பணம் வேண்டாம் என்றேன். பிறகு தங்கச்சியிடம் போய், "தப்பு என்னோடதுதான்" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி, எழுந்திரு. எனக்கு கணிதத் தாள் பிரிண்ட் எடுக்கணும்" என்றாள்.