தவளை மரபணு ஆய்வுக்குப் போகிறீர்களா?

1. எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் எழுதிவிடுங்கள். ஜேஆர்எஃப் வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உங்கள் பெயரிலேயே வரும். கைடு கிடைப்பதும் எளிதாகும்.

2. ஹைதராபாத் சிசிஎம்பியின் லாகோன்ஸ் ஆய்வகம், பெங்களூரு ஐஐஎஸ்சியின் சூழலியல் மையம், டில்லிப் பல்கலைக்கழகம் மூன்றையும் முதலில் பாருங்கள். நிறுவனத்தின் பெயரைவிட முக்கியம், கைடின் சமீபத்திய கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா என்பது. அங்கே இப்போது படிப்பவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

3. கைடுக்கு எழுதும்போது ‘தவளை என்றால் உயிர்’ என்பதோடு நிறுத்தாமல் ஒரு கேள்வியை வையுங்கள். உதாரணமாக, ஊதாத் தவளையின் உடன்பிறப்பு போன்ற ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கிடைத்தது. உடலமைப்போடு டிஎன்ஏவும் சாட்சி சொல்ல, 2017இல் தனி இனமானது. ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். தனி இனம் என்று தெரிந்தால்தானே அதற்கென்று பாதுகாப்பு கேட்க முடியும்? பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் ஒரே பெயரில் வழங்கும் தவளைகள் உண்மையில் ஒன்றுதானா? இப்படி நாலு வரி எழுதினால் போதும்.

4. ஜென்பேங்க் தரவுத்தளத்தில் தவளைகளின் 16எஸ் மரபணு வரிசைகள் இலவசம். இறக்கிவைத்துப் பழகுங்கள்.

5. வனத்துறை அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். தலைப்பு முடிவானதுமே விண்ணப்பியுங்கள். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தையும் கேட்க வேண்டும்.

6. மாதிரிக் குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். முதல் மழைக்காலத்தில் நான் பேனாவால் எழுதினேன். ஆல்கஹால் பட்டு மை கரைந்து, திறந்து பார்த்தபோது நீல நீரில் வெள்ளைச் சீட்டுகள் மிதந்தன. எந்த ஓடை, எந்தத் தவளை என்று ஒன்றும் தெரியவில்லை. அத்தனை உயிர்களைத் தொந்தரவு செய்தது வீணாயிற்றே என்று இன்றும் மனசு உறுத்துகிறது.

7. கொசு க்ரீம் பூசிய கையால் தவளையைத் தொடவே கூடாது. அதன் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை போடுங்கள்.

8. ஒரு ஓடையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் பூட்ஸைத் தேய்த்துச் சேறு போக்கி, ப்ளீச்சிங் கரைசலில் நனைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உலகெங்கும் தவளைகளைக் கொன்ற கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றோடு பயணப்படும்.

9. வாயில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தாலே டிஎன்ஏ கிடைக்குமென்றால் விரல்நுனியை வெட்டாதீர்கள். வேலை முடிந்ததும், தவளையைப் பிடித்த அதே இலைக்கடியில், அன்றிரவே விட்டுவிடுங்கள்.