நம்பிக்கைகளும் உண்மைகளும்: கேம்பர் வேன் கேஸ் அடுப்பு

கனடாவில் குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த கேம்பர் வேனை மே மாதம் வெளியே எடுத்து, டீ போடலாமென்று அடுப்பைத் திருகினால் தீ சோம்பலாக எழும்பும்; இல்லையேல் பற்றியவுடன் அணையும். நம்மவர்கள் அப்போது கையிலெடுப்பது ஊரில் 14.2 கிலோ சிலிண்டரோடு பழகிய கைவைத்தியம். சிலிண்டரை ஆட்டுவார்கள், சாய்ப்பார்கள், பர்னரை ஊசியால் குத்துவார்கள். வேன் அடுப்பில் இது பலிக்காது. குலுங்கி ஓடும் வண்டிக்குள், ஆட்கள் படுத்துறங்கும் அறையிலேயே எரியும் அடுப்பு என்பதால் அதைச் சுற்றித் தடுப்புக் கருவிகள் பல வைத்திருக்கிறார்கள். பழுது என்று நாம் நினைப்பதில் பலவும் அந்தக் கருவிகள் தம் வேலையைச் செய்ததன் விளைவு. அது தெரியாமல் செய்யும் ரிப்பேர், கடைசியில் தடுப்பையே கழற்றிப் போடுவதில் முடிகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

“தீ மெலிந்தால் கேஸ் தீர்ந்துவிட்டது.”

நேற்று நிரப்பிய சிலிண்டரிலும் தீ மெலியும். அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது, வால்வை நாம் திறந்த விதத்தை. வட அமெரிக்காவின் 20 பவுண்டு சிலிண்டரில் குழாயைக் கையால் மாட்டுவதற்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் நட்டு இருக்கிறதல்லவா, அதற்குள் ஒரு சிறு தடுப்பு உட்கார்ந்திருக்கிறது. கேஸ் திடீரென்று அளவுக்கு மேல் பாய்ந்தால், குழாய் எங்கோ அறுந்துவிட்டதாகக் கொண்டு அது வழியை ஏறக்குறைய அடைத்துவிடும். அடுப்புக் குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலும், காலிக் குழாய்க்குள் வால்வை ஒரே வீச்சில் திறந்தாலும் அது இதையேதான் செய்யும். வண்டிக்கு அடியில் நிரந்தரமாகப் பொருத்திய டேங்குகளின் வால்விலும் இப்படியொரு ஏற்பாடு உண்டு.

எல்லாக் குமிழ்களையும் மூடுங்கள். சிலிண்டரையும் மூடி, நட்டைக் கழற்றி, ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி மாட்டுங்கள். பிறகு வால்வை மெல்லத் திறந்து, குழாயில் அழுத்தம் நிரம்பச் சற்றே பொறுத்து அடுப்பைப் பற்றவையுங்கள். மெலிந்த தீ என்று கடைக்குப் போகும் முன் இதைச் செய்து பார்த்துவிட வேண்டும்.

அழுத்த மானியைப் பார்த்து மிச்ச கேஸைக் கணக்கிடுவதும் சரிவராது. உள்ளே திரவம் நிறைய இருந்தாலும் கொஞ்சமாக இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான். அது வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் சுமார் 110 பிஎஸ்ஐ. திரவம் முழுக்க ஆவியான பிறகே முள் இறங்கத் தொடங்கும். சிலிண்டரை எடைபோட்டு, அதன் கழுத்து வளையத்தில் பொறித்திருக்கும் காலி எடையைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று சரியாகத் தெரியும். நிரப்பி வந்த டேங்கின் அளவு மானி 80-இல் நிற்கிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் 80 சதவீதம்தான் நிரப்புவார்கள்.

“ரெகுலேட்டர் திருகைக் கொஞ்சம் முறுக்கினால் தீ சரியாகும்.”

சிலிண்டரிலிருந்து 110 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வரும் கேஸை ரெகுலேட்டர் சுமார் 0.4 பிஎஸ்ஐக்கு இறக்கித் தருகிறது. கேஸைப் பர்னருக்குள் பீய்ச்சும் ஜெட்டின் துளை, பர்னரின் காற்றுவழி, குமிழுக்குள் இருக்கும் வால்வு எல்லாமே அந்த அழுத்தத்துக்கென்று அளந்து செய்தவை. அளக்காமல் திருகை முறுக்கினால் தீ பர்னரை விட்டு எகிறி நிற்கும். நாளடைவில் குமிழே கசியத் தொடங்கலாம். தெரிந்த டெக்னீஷியன் இதைக் கண்ணால் மதிப்பிடமாட்டார். ஒளிபுகும் ட்யூபை ‘யு’ வடிவில் வளைத்துப் பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையை கேஸ் வழியில் இணைத்து, ஒரு பர்னரை எரியவிட்டுப் பார்ப்பார். இரு பக்க நீர்மட்டத்துக்கும் இடையே 11 அங்குலம், அதாவது 28 சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்க வேண்டும். இன்று டிஜிட்டல் மானியும் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தண்ணீர்க் குழாய் பொய் சொல்லாது.

ரெகுலேட்டர் கெடுவதற்குப் பெரும்பாலும் அதன் மூச்சுத்துளைதான் காரணம். உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு அசைய வேண்டுமானால் அந்தத் துளை வழியே காற்று போய்வர வேண்டும். வண்டிக்கு அடியில் இருக்கும் ரெகுலேட்டரின் துளையைச் சேறும், சாலையில் பனி உருகத் தூவும் உப்பும், பனிக்கட்டியும் அடைத்துவிடும். துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். அடைபட்டால் தீ தாழும், அல்லது அழுத்தம் கட்டுமீறி ஏறும். இரண்டாவதுதான் பயங்கரம். பழைய ரெகுலேட்டரைத் திறந்து சரிபார்க்க முயலாமல் புதிது மாற்றிவிடுவதே நல்லது. வேனில் மற்ற பொருள்களோடு ஒப்பிட்டால் அது விலை குறைந்த சாமான்தான்.

குளிரில் புரொப்பேன் உறைந்துவிட்டது என்று சொல்வதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிப்பது; உறைய வேண்டுமானால் மைனஸ் 188 வரை போக வேண்டும். ரெகுலேட்டருக்குள் உறைவது கேஸில் கலந்திருக்கும் ஈரம். மேசைமேல் வைக்கும் சிறிய அடுப்புகளின் பியூட்டேன் டப்பா வேறு சங்கதி. பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடும். அக்டோபர் காலையில் அந்த அடுப்பு எரியாவிட்டால் அதில் பழுதென்று எதுவும் இல்லை.

“சிலிண்டரைச் சாய்த்தால் அடியில் கிடக்கும் கேஸும் வரும்.”

வரும், ஆனால் திரவமாக வரும். திரவப் புரொப்பேன் ஆவியாகும்போது சுமார் 270 மடங்கு விரிகிறது. ஆவிக்கென்று செய்த ரெகுலேட்டர் வழியே அது பாய்ந்தால் பர்னரில் எழும் தீ வேனின் கூரையைத் தொடும். ஊரில் எத்தனையோ சமையலறைகளில் இதைச் செய்து தப்பித்திருக்கலாம். துணியும் மரப்பலகையும் நுரைமெத்தையும் சூழ்ந்த வேனுக்குள் யாரும் செய்யக் கூடாது. படுக்கவைக்கும்படி செய்த சிலிண்டர்களில்கூட எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று குறி போட்டிருப்பார்கள்.

“குமிழை விட்டதும் அணைகிறதா? அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டால் சரியாகும்.”

இந்தப் பத்தியில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். பர்னரின் ஓரத்தில் பென்சில் முனைபோல் ஒரு சிறு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது தெர்மோகப்பிள். தீ பட்டுச் சூடாகும்போது அது 20, 30 மில்லிவோல்ட் மின்சாரத்தைத் தானே உண்டாக்குகிறது. அந்தத் துளி மின்சாரம் குமிழுக்குள் இருக்கும் காந்தத்தைப் பிடித்து வைத்து கேஸ் வழியைத் திறந்து வைக்கிறது. பால் பொங்கி வழிந்தோ, கதவு வழியே காற்று அடித்தோ தீ அணைந்தால் கம்பி ஆறும், காந்தம் விடும், கேஸ் நிற்கும். நீங்கள் தூங்கிவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். ஐரோப்பிய அடுப்புகளில் பர்னருக்கு ஒன்றாக இது இருக்கும். வட அமெரிக்காவின் பழைய அடுப்புகள் பலவற்றில் மேல் பர்னருக்கு இல்லை.

குமிழை அழுத்திப் பிடித்துப் பத்து நொடி பொறுத்தீர்களா? பாதிப் பேர் அதற்குள் கையை எடுத்துவிடுகிறார்கள். பிடித்தும் அணைந்தால், அடுப்பு ஆறிய பிறகு கம்பியின் முனையைப் பாருங்கள். சாம்பார் வழிந்து கரிந்து ஒட்டியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடைத்துவிடலாம். சாலைக் குலுக்கலில் முனை தீயை விட்டு விலகியிருக்கலாம். தீயின் நுனி அதைத் தழுவும்படி வளைத்து வைக்க வேண்டும். அடுப்பின் அடியில் அதன் மறுமுனை சேருமிடம் தளர்ந்திருப்பதும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் அந்த அடுப்பின் மாடலுக்குரிய புதிய தெர்மோகப்பிள் வாங்கி மாற்ற வேண்டும். அதைச் செயலிழக்கச் செய்து, எப்போதும் திறந்திருக்கும்படி வால்வைக் கட்டிவைப்பது ரிப்பேர் ஆகாது. அப்படி ஒப்பேற்றிய வேனை விலைக்கு வாங்கும் அடுத்த குடும்பத்துக்கு அது தெரியப்போவதும் இல்லை.

“தீ மஞ்சளாக எரிந்தால் ஜெட்டை ஊசியால் குத்து.”

மஞ்சள் தீ என்றால் கேஸோடு கலக்க வேண்டிய காற்று போதவில்லை என்று பொருள். மூடிக் கிடந்த வேனில் இதற்கு முதல் காரணம் சிலந்தி. பர்னருக்குக் காற்று போகும் குறுகிய குழலுக்குள் அது வலை கட்டிவிடும். சிலந்தி இப்படிச் செய்யுமா என்று வியப்பவர்களுக்கு: 2011-இல் மஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது, பெட்ரோல் டேங்கின் காற்றுக் குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை கட்டியதற்காக. பர்னரைக் கழற்றி அந்தக் குழலை மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் நீலத் தீ திரும்பிவிடும். ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பித்தளை மென்மையானது, ஊசி பட்டால் துளை பெரிதாகி, கேஸ் கூடுதலாக வந்து, மஞ்சள் இன்னும் அதிகமாகும். கழற்றி ஆல்கஹாலில் ஊறவைத்துக் காற்றால் ஊதுங்கள், போதும்.

ராக்கி மலைகளில் சோறு வேகவில்லை என்பது தனிக் கதை. லேக் லூயி கிராமம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பைக் குறை சொல்லாமல் அரிசியைக் கூடுதல் நேரம் வேகவிடுங்கள்.

“வாடை இல்லை, அதனால் கசிவு இல்லை.”

புரொப்பேனுக்கென்று வாடை கிடையாது. அதில் நாற்றமுள்ள எத்தில் மெர்காப்டான் கலக்கிறார்கள். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸில் நியூ லண்டன் பள்ளியில் வாடையற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்த பிறகுதான் எரிவாயுவுக்கு வாடை சேர்ப்பது சட்டமாயிற்று. அந்த வாடையை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. மூக்கு சில நிமிடங்களில் மரத்துவிடும். சளி பிடித்தவருக்குத் தெரியாது. துரு ஏறிய டேங்கில் வாடையே மங்கிவிடும். மாறாக, சிலிண்டர் தீரும் தறுவாயில் மெர்காப்டான் அடியில் செறிந்து, கசிவு இல்லாமலே வாடை தூக்கலாக வருவதுண்டு.

காற்றில் 2.1 சதவீதம் புரொப்பேன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் தரையில் தேங்கும். அதனால்தான் கேஸ் அலாரத்தைத் தரையை ஒட்டி வைக்கிறார்கள். தலைமுடி ஸ்ப்ரேக்கும் பேட்டரி இறங்கினாலும் அது கத்தும் என்பது உண்மை. அதற்காக ஒயரைப் பிடுங்குகிறவர்கள் தம் குழந்தைகள் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்க்க வேண்டும். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. பின்புறம் தேதி இருக்கும்.

இணைப்புகளைச் சோதிக்கத் தீக்குச்சி வேண்டாம். அம்மோனியா இல்லாத சோப்பு நுரை போதும், அம்மோனியா பித்தளையில் விரிசல் உண்டாக்கும். கசியும் இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றுவதற்கு முன் இணைப்பு எந்த வகை என்று பாருங்கள். முனை விரித்த செம்புக் குழாய் உலோகத்தோடு உலோகம் அழுந்தி அடைவது; அங்கே டேப்புக்கு வேலையில்லை, அதன் துணுக்கு போய் ஜெட்டைத்தான் அடைக்கும்.

“குளிருக்கு அடுப்பை எரியவிட்டுத் தூங்கலாம்.”

கூடவே கூடாது. மூடிய வேனில் ஆக்சிஜன் குறையக் குறைய அடுப்பு கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு வாடை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். கேஸ் அலாரம் இதைக் காட்டாது, தனி அலாரம் வேண்டும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி சேரும் என்பதால் காலையில் மெத்தையும் நனைந்திருக்கும். சமைக்கும்போதே கூரைத் திறப்பையும் ஒரு ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும். தூங்க வெப்பம் வேண்டுமென்றால், எரிந்த புகையை வெளியே தள்ளும் ஹீட்டர் பொருத்திய வேனைத் தேடுங்கள்.

பர்னரைச் சுத்தம் செய்வது, வலையை எடுப்பது, சோப்பு நுரை தடவிப் பார்ப்பது இவையெல்லாம் உங்கள் கைவேலை. குழாயை வெட்டுவதும் ரெகுலேட்டர் மாற்றுவதும் அழுத்தச் சோதனையும், ஒன்டாரியோவில் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.வின் சான்றிதழ் உள்ளவர் செய்ய வேண்டியவை. அவரிடம் போகும்போது சிலிண்டரின் கழுத்தில் உள்ள தேதியையும் பாருங்கள். கனடாவில் பத்து ஆண்டு கடந்த சிலிண்டரை மறுசோதனை செய்யாமல் நிரப்பித் தரமாட்டார்கள்.