பெயர் தெரியாத ரோஜாவை இனங்கண்டறியும் முறை

ரோஜாச் செடி இல்லாத கிராமம் அரிது. ஆயினும் அச்செடி என்ன ஜாதி என்று வினவினால், "நாட்டு ரோஜா" என்றோ "பன்னீர் ரோஜா" என்றோ விடை வருமேயன்றித் திட்டமான பெயர் கிடைப்பதில்லை. வீட்டு முற்றத்திலுள்ள ஒரு செடியைப் பொறுத்தவரை இதனால் நஷ்டமில்லை. அதிலிருந்து போத்து வெட்டி ஓர் ஏக்கர் நடக் கருதும் குடியானவருக்கோ இது பல வருஷத்து வரும்படியைப் பற்றிய விஷயமாகும்.

முதலில் ஒட்டுக் கணுவைப் பார்க்க

தோட்டத்து ரோஜாக்களில் பல ஒட்டுச் செடிகள். வேர் ஒரு ஜாதி, மேற்கிளை வேறொரு ஜாதி. வறட்சியாலோ நோயாலோ மேற்பாகம் பட்டுப்போனால், அடியிலுள்ள வேர்ச்செடி தழைத்துத் தன் சொந்தப் பூவைப் பூக்கும். "செடி மாறிவிட்டது" என்பர். உண்மையில் விலைக்கு வாங்கிய செடி இறந்து, அதைத் தாங்கிய செடி பிழைத்திருக்கிறது. ஆகையால் அடித்தண்டின் மண்ணை விலக்கி ஒட்டுக் கணுவைத் தேடவேண்டும். அதற்குக் கீழிருந்து எழுந்த கிளையில் போத்து எடுக்கலாகாது.

கவனிக்கவேண்டிய அடையாளங்கள்

பூவின் நிறத்தை மட்டும் நம்புதல் தவறு. கோடை வெயிலில் நிறம் வெளிறும், பூவும் சிறுக்கும். பின்வருவனவற்றையும் சேர்த்து நோக்குக.

1. பூக்கும் காலம்: வருஷத்தில் ஒரே பருவமா, மீண்டும் மீண்டுமா என்பது.

2. முள்: சீன ரோஜாவின் தண்டு வழவழப்பானது, வளைந்த முட்கள் சிலவே இருக்கும். டமாஸ்க் ரோஜாவில் பெருமுள்ளும் ஊசி போன்ற சிறுமுள்ளும் நெருங்கிக் கலந்திருக்கும்.

3. இலை: சிற்றிலைகளின் எண்ணிக்கை, பளபளப்பு, அடிப்புறத்து மயிர். இலைக்காம்பின் அடிச்செதில் சீப்புப்போல் பிளவுபட்டிருந்தால், அது மல்டிபுளோரா என்னும் வேர்ச்செடியாக இருக்கலாம்.

4. பூ: தண்டுக்கு ஒன்றா, கொத்தா, மொட்டு கூரியதா, உருண்டையா, வாசனை எத்தகையது.

5. காய்: உருண்டையா, நீண்டதா, புறவிதழ் அதில் தங்குகிறதா, உதிர்கிறதா.

பன்னீர் ரோஜா என்னும் உதாரணம்

கன்னோசி, புஷ்கரம் முதலிய வடநாட்டு ஊர்களில் அத்தருக்கும் பன்னீருக்கும் பயிராவது டமாஸ்க் ரோஜா. அது வருஷத்தில் ஒருமுறை, வசந்த காலத்தில் சில வாரங்களே பூக்கும். நமது சமவெளியிலோ எட்வர்ட் ரோஜாவுக்கும் பன்னீர் ரோஜா என்ற பெயர் வழங்குகிறது. இது பூர்போன் குலத்தைச் சேர்ந்தது. இக்காலத்தில் ரியூனியன் எனப்படும் பூர்போன் தீவில், வேலியாக வைத்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் இயற்கையாய்க் கலந்து இக்குலம் உண்டாயிற்று என்றும், 1817-ல் பிரேயோன் என்ற தாவர நூலார் அதைக் கண்டார் என்றும் வரலாறு கூறும். டமாஸ்க்கின் வாசனையும் சீனத்தின் ஓயாப் பூப்பும் இதில் ஒருங்கே காண்பதற்குக் காரணம் இதுவே. மாலைக்கு உதிரிப்பூ விற்போர் பெயரை நம்பி டமாஸ்க் போத்தை நட்டால், ஆண்டின் பெரும்பகுதி கூடை வெறுமையாகவே இருக்கும். இவ்விரண்டையும் முள்ளும் பூக்கும் காலமும் பிரித்துக் காட்டும்.

பொய்ப் பெயர் வேண்டாம்

இவ்வடையாளங்களால் குலத்தை அறியலாம். ரகத்தின் பெயரை அறிதல் அரிது. 1867-ல் "லா பிரான்ஸ்" தோன்றியது முதல் கலப்புத் தேயிலை ரோஜாக்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. பெயர் உறுதியான செடியை அருகே நட்டு ஒப்பிடுதலே குடியானவருக்கு ஏற்ற வழி. மரபணுச் சோதனையும் உதவும். நான்கு பெயர்களால் வழங்கிய பழைய டமாஸ்க் ரோஜாக்கள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று 2000-ல் வெளியான ஜப்பானிய ஆராய்ச்சி அத்தகைய சோதனையால் காட்டிற்று. அதுவரை ஊர், நிறம், நட்ட வருஷம் ஆகியவற்றைக் கொண்டு தற்காலப் பெயரிடுக. தவறான பெயர் பெயரின்மையைவிடத் தீங்கானது.

செய்யவேண்டியது

செடிக்குச் சீட்டுக் கட்டி, பன்னிரண்டு மாதம் பூப்பைக் குறித்து வருக. பத்துப் போத்துகளை மட்டும் நட்டுப் பார்த்தபின் பெருக்குக. முற்றிய இலை, மொட்டு, பூ, காய் உள்ள கிளையை ஈரத்துணியில் சுற்றித் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுக. பழைய தோட்டங்கள் மனையாக மாறுமுன், அங்குள்ள முதிய செடிகளைக் கிராம உத்தியோகஸ்தர்கள் குறித்துவைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு போத்துகளாவது காப்பாற்றச் செய்வார்களாயின், அது பெரிய உபகாரமாகும்.