பிற தொழில்களை அறிவோம்: மாதிரி ரயில் வியாபாரம்

அரிசி, பருப்பு, எண்ணெய் என்று அன்றாடம் புழங்கும் சரக்கோடு வாழும் நாம், வேறு தொழில்களில் சரக்கு எப்படி நகர்கிறது என்பதையும் அவ்வப்போது தெரிந்துகொள்வது நல்லது. இம்முறை மாதிரி ரயில் வியாபாரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பாலவாக்கத்தில் ரயில் நிலையமே கிடையாது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலை. இங்கே உட்கார்ந்துகொண்டு மாதிரி ரயிலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. சாலை விரிவாக்கம் என்று வந்தால் கடை முகப்பை இடித்துப் பின்னுக்குத் தள்ளுகிறோம். அப்போது பரணையும் காலி செய்கிறோம். அப்பா காலத்துச் சரக்கு என்று ஒரு தகர ரயிலோ, சாவி கொடுத்தால் ஓடும் இன்ஜினோ அதிலிருந்து வந்தால், அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதே நம் வழக்கம். தெரிந்து போட்டால் தவறில்லை. தெரியாமல் போட்டால் நட்டம் நமக்கு, லாபம் வாங்கியவருக்கு.

மாதிரி ரயில் வேறு, பொம்மை ரயில் வேறு. பொம்மை ரயில் பார்ப்பதற்கு ரயில் போல இருந்தால் போதும். மாதிரி ரயில் உண்மையான வண்டியின் அளவைக் கணக்குப் போட்டுச் சுருக்கியதாக இருக்க வேண்டும். உலகெங்கும் அதிகம் விற்பது 87-இல் ஒரு பங்கு என்ற அளவு. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-இல் தொடங்கப்பட்டது. அங்கே உருவான பழைய நீல நிறப் பெட்டியின் நீளம் 21 மீட்டருக்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கில் அது மேசை மேல் 24½ சென்டிமீட்டர் ஆகிறது. இன்று ஓடும் எல்.எச்.பி. பெட்டி 27 சென்டிமீட்டர் வரும். இருபத்து நான்கு பெட்டி கோத்து நிறுத்தினால் ஆறரை மீட்டர். நம் கடைகளில் பாதிக்கு அவ்வளவு நீளமே இல்லை!

சேகரிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. நவராத்திரிக் கொலுவைப் பாருங்கள். முதல் வருடம் மரப்பாச்சியும் நாலு பொம்மையும் வைத்த வீட்டில் ஆண்டுதோறும் ஒன்றிரண்டு சேரும். பத்து வருடத்தில் மூன்று படி ஐந்தாகும், ஐந்து ஏழாகும். படிக்குக் கீழே பூங்கா அமைத்து, கேழ்வரகு முளைக்க வைத்து, அதைச் சுற்றி ஒரு ரயிலும் ஓடவிடுவார்கள். மயிலாப்பூர் மாட வீதியில் கொலு பொம்மை விற்பவருக்கு வருடா வருடம் வியாபாரம் நடப்பதற்குக் காரணம் இதுதான். கொலு எந்த வருடமும் முடிந்துபோவதில்லை.

ஜெர்மனியில் மார்க்லின் என்ற நிறுவனம் இதே கணக்கைத்தான் போட்டது. 1859-இல் தொடங்கிய அந்த நிறுவனம் முதலில் செய்தது பொம்மை வீட்டுக்கான சமையல் சாமான்கள், நம் ஊர்ச் சொப்புச் சாமான் மாதிரி. பொம்மை வீடு வாங்கியவர்கள் ஒவ்வொரு பண்டிகைக்கும் திரும்பி வந்து ஏதாவது ஒரு சாமான் வாங்கிப்போனார்கள். ரயிலையும் ஏன் அப்படி விற்கக் கூடாது என்ற யோசனை பிறந்தது. 1891-இல் லைப்சிக் சந்தையில், தண்டவாள அகலத்துக்கு எண் கொடுத்து நிலையான அளவுகளை அறிமுகப்படுத்தினார்கள். இந்த வருடம் வாங்கிய தண்டவாளத்தோடு அடுத்த வருடம் வாங்குவதும் பொருந்தும். அதற்கு முன்பு ஒரு பெட்டி ரயில் வாங்கினால் கணக்கு அதோடு தீர்ந்தது. அளவு நிலைத்த பிறகு வாடிக்கை நிலைத்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் ரயில் விற்பனையில் இறங்கியபோது பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

நமக்கு அதிகம் பயன்படக்கூடிய உதாரணம் அயர்லாந்து. அந்தத் தீவு முழுவதும் சேர்த்து சுமார் 70 லட்சம் பேர். நம் சென்னை மாநகராட்சி அளவுதான். அதில் ரயில் பித்துப் பிடித்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? பெரிய நிறுவனங்கள் நெடுநாள் அந்தச் சந்தையைச் சட்டை செய்யவில்லை. பிரிட்டிஷ் இன்ஜினுக்கு வேறு சாயம் பூசி, ஐரிஷ் இன்ஜின் என்று விற்பதும் உண்டு. அந்த ஊர் ரசிகர்கள் அதை முகம் சுளித்துக்கொண்டே வாங்கினார்கள்.

பிறகு மர்ஃபி மாடல்ஸ் போன்ற சிறிய நிறுவனங்கள் வந்து, சீனத் தொழிற்சாலைகளில் ஆர்டர் கொடுத்து, உண்மையான ஐரிஷ் இன்ஜின்களையே செய்து விற்கத் தொடங்கின. 071 என்ற டீசல் இன்ஜின் வகை 1976-இல் கட்டப்பட்டது. மொத்தமே பதினெட்டு இன்ஜின்கள், 071 முதல் 088 வரை எண்கள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ரயில் பிரிவு வடிவமைத்தது. 1999 முதல் நம் நாட்டுக்கு வந்த டபிள்யூ.டி.ஜி.4 சரக்கு இன்ஜினும் அதே நிறுவனத்தின் வடிவமைப்புதான். ஒரு வகையில் பங்காளிகள்.

பதினெட்டே இன்ஜினுக்கு மாதிரி செய்து எப்படிக் கட்டுப்படியாகும்? ஒரு இன்ஜினுக்கு அச்சு வெட்டும் செலவு மிகப் பெரியது. ஆனால் வெட்டிய அச்சில் எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். பதினெட்டு இன்ஜினுக்கும் பதினெட்டு எண். காலத்துக்குக் காலம் சாயமும் மாறியிருக்கிறது, முதலில் ஆரஞ்சும் கறுப்பும், பிற்காலத்தில் சாம்பல். ஆக ஒரே அச்சிலிருந்து பல சரக்கு. சேகரிப்பவர் ஒன்றோடு நிற்பதில்லை. சின்ன வயதில் பார்த்த நிறம் ஒன்று, இப்போது ஓடும் நிறம் ஒன்று, தம் ஊர் வழியாகப் போகும் எண் ஒன்று என்று மூன்றாவது வாங்கிவிடுவார். ஒரே பருப்பைக் கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ என்று கட்டிவைக்கும் நமக்கு இந்தச் சூட்சுமம் புரியாதா என்ன!

இன்னொரு நிறுவனம் ஐரிஷ் ரெயில்வே மாடல்ஸ். ரசிகர்களே சேர்ந்து தொடங்கியது. இவர்கள் முதலில் எதைச் செய்தார்கள் தெரியுமா? எல்லோரும் ஆசைப்படும் இன்ஜினை அல்ல, தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டும் வேகனை. பார்க்க அழகில்லாத வண்டி. ஆனால் வியாபாரிக்கு அதில் இருக்கும் அழகு வேறு. இன்ஜினை ஒருவர் ஒன்று வாங்குவார். வேகனை ஒன்றாக யாரும் வாங்க மாட்டார்கள், ஒரு வேகனோடு ஓடும் சரக்கு ரயில் ஏது? அச்சும் எளிது, உள்ளே மோட்டார் கிடையாது. கையில் பணம் புரண்ட பிறகு இன்ஜினுக்குப் போனார்கள். சிறு முதலீட்டில் கடை தொடங்கும் எந்தப் பிள்ளைக்கும் இதை நாம் தைரியமாகச் சொல்லலாம்.

முன்பதிவு முறையையும் கவனிக்க வேண்டும். இன்ன மாதிரி வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்துப் பேர் பதிந்துகொள்கிறார்கள். வந்த பதிவைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள். தீபாவளிச் சீட்டு பிடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதில் புதுமை இல்லை. ஆனால் சீட்டில் உள்ள அதே ஆபத்து இதிலும் உண்டு. சொன்ன மாதத்தில் சரக்கு வராவிட்டால் போவது பணம் மட்டுமல்ல.

ஓர் வேடிக்கை. அயர்லாந்தின் உண்மையான பாதை அகலம் 5 அடி 3 அங்குலம். நம்முடையது 5 அடி 6 அங்குலம். இரண்டும் உலக வழக்கமான 4 அடி 8½ அங்குலத்தைவிட அகலம். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளமோ 16½ மில்லிமீட்டர்தான். ஐரிஷ் வண்டிக்கு அவர்கள் கணக்கில் 21 மில்லிமீட்டர் வேண்டும், நம் வண்டிக்கு 19-க்கு மேல் வேண்டும். எல்லோரும் தெரிந்தே குறைந்த அகலத்தில் ஓட்டிக்கொள்கிறார்கள். நம் தராசில் இவ்வளவு குறைந்தால் முத்திரை ஆய்வாளர் விடுவாரா?

இத்தொழிலில் விழுந்தவர்களும் பெரியவர்கள். ஹார்ன்பி ரயில் செய்துவந்த மெக்கானோவின் லிவர்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. மார்க்லின், தன் 150-வது ஆண்டில், 2009-இல் திவால் மனு கொடுத்தது. 2013-இல் வேறொரு ஜெர்மன் பொம்மை நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. ஆகவே விலை ஏறும் என்று நம்பி மாதிரி ரயிலில் முதலைப் போடலாமா என்று கேட்கும் உறுப்பினர்களுக்கு நம் பதில், வேண்டாம் என்பதே. இன்று கிடைக்காத இன்ஜினுக்கு நல்ல விலை இருக்கும். நாளைக்கே ஒரு நிறுவனம் அதைவிட நேர்த்தியாகப் புதிதாகச் செய்தால், பழையதை வைத்திருப்பவர் கையில் முடங்கிய முதல்தான் மிஞ்சும். ஆசைக்கு வாங்குபவருக்கு அதில் நட்டமில்லை. நமக்கு உண்டு.

நம் நாட்டு நிலைமை வேறு. அளவு பிசகாத இந்திய ரயில் மாதிரிகளை எந்தப் பெரிய உலக நிறுவனமும் தொடர்ந்து கடைக்கு அனுப்பவில்லை. ரசிகர்கள் அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் தாங்களே செய்துகொள்கிறார்கள். பார்க்க விரும்புவோர் புனேயில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு ஐ.சி.எஃப். அருகில் 2002-இல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனால் ஒரு பொழுது போகும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது இப்போது எளிதல்ல. சுங்கக் கணக்கில் சிறிய அளவு மாதிரிகளும் பொம்மைகளும் ஒரே தலைப்பில்தான் வருகின்றன. வாங்குபவருக்கு வயது ஐம்பத்தைந்து என்றாலும் அது பொம்மைதான். பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது.

இதைவிட நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மளிகைக் கடை வாசலில் பிஸ்கட் சரத்தோடு பிளாஸ்டிக் ரயிலையும் தொங்கவிடுகிறோம். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. சன்னபட்டணா மரப்பொம்மை போன்ற புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும், பதிவு பெற்ற உரிமையாளரோ பயன்பாட்டாளரோ செய்ததாக இருந்தால், விலக்கு உண்டு. பிளாஸ்டிக் ரயிலுக்கு இல்லை. மொத்த வியாபாரி கொடுத்தார், நான் வாங்கி விற்றேன் என்ற பதில் அதிகாரியிடம் எடுபடாது. முத்திரையும் பில்லும் இல்லாத பொம்மைச் சரக்கை, எவ்வளவு மலிவானாலும், கடைக்குள் விடாதீர்கள்.

இனி, பரணில் பழைய ரயில் கிடைத்தால் என்ன செய்வது?

முதல் காரியம், கழுவாதீர்கள். விபூதி போட்டுத் தேய்ப்பது, புளி போட்டு விளக்குவது, புதுப் பெயின்ட் அடிப்பது எதுவும் கூடாது. பழைய சாயம் உரிந்திருந்தாலும் அதுவே அதன் சாட்சி. உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். அட்டைப் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். சேகரிப்பவர்கள் பெட்டியோடு இருந்தால் ஒரு விலையும் பெட்டி இல்லாவிட்டால் வேறு விலையும் சொல்வார்கள். உள்ளே விலைச்சீட்டோ, படக்குறிப்போ இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள்.

உலோகத்தைப் பாருங்கள். முப்பதுகளில் வந்த வார்ப்புப் பொம்மைகள் சில துத்தநாகக் கலவையில் செய்தவை. அதில் ஈயம் போன்ற கலப்பு சேர்ந்திருந்தால் காலப்போக்கில் உள்ளிருந்தே வெடித்து உதிரும். உளுந்தில் வண்டு விழுந்தது போலத்தான், வெளியே தெரியும்போது உள்ளே முடிந்திருக்கும். மயிர்க்கோடு போல வெடிப்பு தெரிந்தால் விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். மறைத்து விற்றால் வாங்கியவர் வீட்டில் அது உதிரும்போது நம் கடை பெயரும் சேர்ந்து உதிரும்.

நம் பகுதியில் உப்புக் காற்று பெரிய எதிரி. வெல்லம் கசிவதையும் கல்லுப்பு மூட்டை நனைவதையும் தினமும் பார்க்கிறோம். அதே காற்று தகரத்தைத் துருவேற்றும், மோட்டாரின் செப்புக் கம்பியில் பச்சை பூக்க வைக்கும். கடல் பக்கச் சுவர் அலமாரி வேண்டாம். மூடி இறுகிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வையுங்கள். பழைய நுரைப் பஞ்சு சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள், அது இளகிச் சாயத்தோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றலாம்.

விலை கேட்டு ஒருவர் வந்தால் அன்றே கொடுத்துவிடாதீர்கள். இன்ஜினின் அடியில் பொறித்த பெயர், நாடு, எண் மூன்றையும் எழுதிக்கொண்டு, படம் எடுத்து, குறைந்தது இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள். புரட்டாசியில் கொலு பொம்மை தேடி மாட வீதிக்கு வருபவர்களில் பழைய ரயில் தேடுபவர்களும் இருப்பார்கள். அதுவரை டப்பாவில் இருப்பதால் அதற்குத் தீனி போட வேண்டியதில்லை.