ஆடுகளத்தில் வினாதல்

வகுப்பறையில் ஐயம் வினவுவானை நன்மாணாக்கன் எனப் போற்றுகின்றோம். அவனே மாலையில் பயிற்சிக் களம் புகுந்ததும் வாய்மூடி நிற்கின்றான். “கேட்டால் ஆடத் தெரியாதவன் என்பரோ? அணியினின்றும் நீக்குவரோ?” என்னும் அச்சம் அவன் நாவைக் கட்டுகின்றது. மறைத்த பிழை பழக்கமாகின்றது. அப்பழக்கம் போட்டி நாளிற் பகையாகின்றது. நோவை மறைத்து ஆடுவானோ உடல்நலத்தையும் இழக்கின்றான். ஆதலின் இப்பொருளைச் சிறிது ஆராய்வாம்.

ஆசிரியர் கூறக் கேட்பதனால் மாணவன் பெறுவது காற்பங்குப் புலமையே. உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது நன்னூல் செய்த பவணந்தி முனிவர் கொள்கை. பதினொருவர் கூடியாடும் துடுப்பாட்டத்துக்கு இதனினும் பொருத்தமான பாடம் வேறுண்டோ? பந்து வீசுவான் தன் கால் எங்கே விழுகின்றது என்பதைக் காணான். நடுவர் பக்கம் நிற்கும் தோழன் காண்பான். துடுப்பெடுத்து ஆடுவான் தன் தலை சாய்வதை அறியான்; எதிரே பந்து வீசுவான் அறிவான்.

இனி, வினாவும் முறை யாது? அந்நூல் வினாவை ஆறாக வகுத்தது. அவற்றுள் அறியாவினாவும் ஐயவினாவும் கற்போனுக்கு உரியன. “என் ஆட்டம் எப்படி?” என்று பொதுப்படக் கேட்பானுக்கு “நன்று” என்னும் பொதுவிடையே கிடைக்கும். “பந்தை விடும்போது என் தலை நிமிர்ந்திருக்கின்றதா, சாய்கின்றதா?” என ஐயத்தைக் குறித்துக் கேட்பானுக்குக் குறித்த விடை கிடைக்கும். விடை கூறுவோனும் இகழ்ச்சியை விலக்கி, கண்டதை முதலிலும் அதனால் விளைவதைப் பின்னரும் கூறுக. “உன் முன்கால் கோட்டைத் தாண்டிற்று” என்பது கண்டது. “நடுவர் அதனைப் பிழைப்பந்து என்பார்” என்பது விளைவது. இவ்விரண்டும் கேட்டவன் தானே திருந்துவான்.

பொரளையில் உள்ள பி. சரவணமுத்து அரங்கு, தமிழ் யூனியன் கழகத்துக்கு உரியது. 1948ஆம் ஆண்டில் பிராட்மன் தலைமையில் வந்த ஆஸ்திரேலிய அணி ஆங்கே இலங்கை அணியோடு ஆடிற்று. அன்றைய ஆடுதளம் 22 யாருக்குப் பதிலாக 20 யாரே இருந்தமை அளந்தபோது தெரியவந்தது. உலகறிந்த வீரர் ஆடிய களத்திலும் பிழை நேரும். அதனைக் காட்டுவது அளவுகோல். ஆட்டக்காரனுக்குப் பிறர் கண்ணே அவ்வளவுகோலாம்.

அக்கழகத்துக்கு ஆடிய முத்தையா முரளிதரன் பள்ளிப் பருவத்தில் மிதவேகப் பந்து வீச்சாளராகவே தொடங்கினார். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியிற் பயிற்றுவித்த சுனில் பெர்னாண்டோ சொல்லிய அறிவுரையை ஏற்று, 14 வயதிற் சுழற்பந்துக்கு மாறினார். 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு அவர் ஓய்வு பெற்றார். ஒரு சொல்லைச் செவிமடுத்ததன் பயன் எத்துணைப் பெரிது!

திருவள்ளுவர் குற்றங்கடிதலை அடுத்துப் பெரியாரைத் துணைக்கோடலை வைத்தார். தன் குற்றம் நீங்க விரும்புவான் துணையை நாடவேண்டும் என்பதை அவ்வைப்பு முறையே உணர்த்துகின்றது.

மாணவர்காள்! வினாவ நாணற்க. ஆசிரியர்களே, பழைய மாணவர்களே! வினாவிய ஒருவனையும் எள்ளி நகையாடற்க. கேட்டவனை அணியினின்றும் நீக்கும் களத்தில் கேட்பாரும் இலர், கற்பாரும் இலர்.